களைப்பை விட்டுப் போகவும்

தேயிலை முடிந்து காடு தொடங்குகிற வளைவில், மலைக்காரர்கள் அட்டைமேடு என்று சொல்கிற, வருஷத்தில் பாதி நாள் மழையும் மீதி நாள் மழை வரப்போகிற மூட்டமுமாக இருக்கிற இடத்தில், பச்சைக்கூடு விடுதியைக் கட்டிய கோயமுத்தூர் முதலாளி, மண்சுவர் எழுப்பி, மூங்கில் கூரை போட்டு, டிவி இல்லை, ஏசி இல்லை, பிளாஸ்டிக் இல்லை, வெயில் அடித்தால்தான் சுடுதண்ணீர் என்று எல்லா இல்லைகளையும் முடித்த பிறகு, வாசலில் ஒரு போர்டு இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெயின்டரை ஏற்பாடு செய்து, 'இங்கே வந்தால் களைப்பு விட்டுப் போகும்' என்று எழுதும்படி போனில் சொன்னார். மலையில் சிக்னல் ஒரு வார்த்தை விட்டு ஒரு வார்த்தைதான் வரும். பெயின்டரோ வாழ்நாள் முழுக்கக் கோயிலுக்கும் பஸ்ஸுக்கும் ரேஷன் கடைக்கும் எழுதியவர். செருப்பை வெளியே விடவும், சில்லறையாகக் கொடுக்கவும், வரிசையில் நிற்கவும் என்று எழுதி எழுதி, 'வும்' போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க அவர் கைக்குத் தெரியாது. 'களைப்பை விட்டுப் போகவும்' என்று பச்சை எழுத்தில் எழுதி, மஞ்சளில் பார்டர் கட்டி, மூலையில் ஒரு இருவாச்சிப் பறவையையும் வரைந்து கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

அந்தத் தவறை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தங்க வந்தவர்களைத் தவிர. நம் ஜனங்களைப் பற்றித்தான் தெரியுமே. குப்பை கொட்டாதீர் என்று எழுதிய சுவரடியில்தான் கொட்டுவார்கள்; ஆனால் எதையாவது விடச் சொல்லி ஒரு போர்டு இருந்தால், கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல மறுபேச்சில்லாமல் விட்டுவிடுவார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்து வந்து இறங்கியவர்கள், அந்தப் போர்டைப் படித்தார்கள், சரி என்று தலையாட்டினார்கள், சிங்கவால் குரங்கைப் பார்த்தார்கள், காலில் ஏறிய அட்டையை உப்புப் போட்டு உதிர்த்தார்கள், சாமைச் சோறும் கீரைக் கூட்டும் சாப்பிட்டார்கள், போகிற அன்றைக்குக் கொண்டுவந்த களைப்பை அறையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். செருப்பையாவது திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போவார்கள். இதை யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

அதை முதலில் பார்த்தவள் தங்கபுஷ்பம். விடுதியில் அறைகளைக் கூட்டித் துடைத்து விரிப்பு மாற்றுகிற வேலை அவளுக்கு. அதற்கு முன்னால் வயசுக்கு வந்த நாளிலிருந்து எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். ஒருநாள் காலை, காலியான அறையில் கட்டிலின் விரிப்பை உருவினாள், அது வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், அப்போதும் வரவில்லை. குனிந்து பார்த்தால், விரிப்பின்மேல், அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்தில், நனைந்த கம்பளியின் கனத்தில், ஓரம் எங்கே இருக்கிறது என்று பிடிபடாமல் ஒன்று கிடந்தது. கொழுந்துக் கூடையை நெற்றியில் மாட்டி மலை ஏறி இறங்கியவளுக்குக் களைப்பை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "தலைமுடி, சோப்புத் துண்டு, இப்ப இது வேறயா" என்று முனகிக்கொண்டு அதைச் சுருட்டி வாளியில் போட்டாள்.

பச்சைக்கூட்டில் எந்தப் பொருளுக்கும் இரண்டே சாதிதான், மக்கும் குப்பை, மக்காத குப்பை. எதுவாக இருந்தாலும் சமையற்கட்டுக்குப் பின்னாலிருக்கும் பச்சை டப்பாவுக்கோ நீல டப்பாவுக்கோ போயாக வேண்டும், அது முதலாளியின் சட்டம். புஷ்பம் வாளியோடு இரண்டு டப்பாவுக்கும் நடுவில் நின்றாள். சமையல்காரன் குட்டப்பன் கரண்டியோடு வெளியே வந்தான். பாலக்காட்டுப் பக்கத்து ஆள், எல்லோருக்கும் மூத்தவன், ஆனாலும் எல்லோரையும் சேச்சி, சேட்டா என்றுதான் கூப்பிடுவான்.

"இது எதுல சேர்த்தி?" என்று புஷ்பம் கேட்டாள்.

குட்டப்பன் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தான், உடனே அவனுக்குக் கொட்டாவி வந்தது. "ஈரமாட்டு இருக்கே சேச்சி. பச்சையில போடு."

"ஈரமா இருந்தா மக்கிருமா? நீ சாயங்காலம் குடிக்கிறதுகூட ஈரந்தான். நீ என்ன மக்கியா போன?"

சத்தம் கேட்டு மேனேஜர் வித்யாசங்கர் வந்தான். சென்னையில் சுற்றுச்சூழல் படித்துவிட்டு வந்தவன், நல்ல பையன், யாரையும் கடிந்து பேசமாட்டான், அதனாலேயே எல்லோருடைய குறையும் அவன் தலையில்தான் இறங்கும். வாளிக்குள் எட்டிப் பார்த்து வெகுநேரம் யோசித்தான். "மனுஷங்ககிட்டேயிருந்து வர்றது எல்லாமே ஆர்கானிக்தான். மக்கும்" என்று தீர்ப்புச் சொன்னான்.

ஆக, அன்றிலிருந்து களைப்பு உரக்குழிக்குப் போனது. காலைதோறும் புஷ்பம் அறை அறையாகச் சேகரித்தாள், சேகரிக்கச் சேகரிக்க ரகம் பிரிக்கவும் பழகிக்கொண்டாள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் களைப்பு மெல்லிசு, செல்லோடேப் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வராது. வாத்தியார்களுடையது உதறினால் சாக்பீஸ் தூள் பறக்கும். கைக்குழந்தைக்காரிகளுடையது பார்க்கச் சின்னது, தூக்கினால் அம்மிக்கல். கல்யாணமாகி வெகுநாளான தம்பதிகள் ஆளுக்கு ஒன்று விடாமல் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு விட்டுப் போவார்கள், அதைப் பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் விட்டுப்போனார்கள். அதைப் பார்த்தால்தான் புஷ்பத்துக்கு வயிறு எரிந்தது.

மக்கியதென்னவோ உண்மைதான். அந்த உரத்தில் விளைந்த பாகற்கொடி பந்தலில் ஏறுவதற்கு பதிலாகத் தரையிலேயே படுத்துக்கொண்டது. மண்புழுக்கள் நெளியாமல் நீட்டி நிமிர்ந்து கிடந்தன. அதே உரத்தில் வளர்ந்த கீரையைச் சாப்பிட்ட விருந்தாளிகள் பிறந்ததிலிருந்து இப்படித் தூங்கியதில்லை என்று ஊரெல்லாம் சொல்ல, இன்னும் கூட்டம் வந்தது, இன்னும் களைப்பு சேர்ந்தது. மழைத்தண்ணீரோடு அது காட்டுக்குள் இறங்கியபோதுதான் வினை பிடித்தது. மலையணில்கள் கிளையோரம் வரை ஓடிவந்து, எதிர் மரத்தைப் பார்த்து, அப்புறம் தாவிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டன. பலாப்பழத்துக்கு வந்த யானைகள் பழத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றன. காட்டெருமைகள் ரோட்டில் படுத்து, வால்பாறை பஸ் ஹாரன் அடித்தால் ஒரு பெருமூச்சோடு கழுத்தை மட்டும் திருப்பின. எல்லாவற்றையும்விட, பொந்துக்குள் தன்னை மண் வைத்து அடைத்துக்கொண்டு அடைகாத்த பெட்டைக்கு இரை கொண்டுபோக வேண்டிய ஆண் இருவாச்சி, அத்திப்பழத்தை அலகில் பிடித்தபடி நாள் முழுக்க ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தது.

அதைத்தான் லைன் வீட்டுப் பெண்களால் பொறுக்க முடியவில்லை. எஸ்டேட்டின் வரிசை வீடுகளிலிருந்து வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் முறை வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்று தகரம் தட்டினார்கள். "டேய், அங்க ஒருத்தி வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கா, இங்க நீ என்னடா வேடிக்கை பார்க்கிற" என்று திட்டினார்கள். இருவாச்சி வெட்கப்பட்டதுபோல ஒருமுறை சிறகை உதறி, பொந்து வரைக்கும் பறந்துபோய்ப் பழத்தைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வந்து உட்காரும். மறுபடியும் தகரம். குஞ்சு பொரித்து வெளியே வருகிற வரைக்கும் அந்தக் குடும்பத்தை லைன் வீட்டுப் பெண்கள்தான் கரையேற்றினார்கள்.

இது மக்காத குப்பை என்று வித்யாசங்கர் தீர்ப்பை மாற்றினான். மறுவாரத்திலிருந்து களைப்பை மூட்டையாகக் கட்டி, கண்ணாடி பாட்டில்களோடு ஜீப்பில் ஏற்றிப் பொள்ளாச்சிக்கு அனுப்பினார்கள். ஜீப் ஓட்டியவன் புஷ்பத்தின் புருஷன் சாலமோன். நல்ல உடல்வாகு, குலுங்கக் குலுங்கச் சிரிப்பான், வீட்டு வேலையில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தமாட்டான், ஆனால் வெளியில் யார் எதைத் தூக்கச் சொன்னாலும் தூக்குவான். பழைய இரும்புக்கடைக்காரர் ஒரு மாதம் போல வாங்கி அடுக்கினார், அப்புறம் முகத்துக்கு நேரே கையை விரித்துவிட்டார். "இது எங்க ஊர்ல எல்லார் வீட்டுலயும் இருக்குதுங்க. இதை எவன் வாங்குவான்?" மூட்டைகள் போன வழியே திரும்பி வந்தன. விடுதிக்குப் பின்னால் மூடிக்கிடந்த பழைய ஏலக்காய் ஸ்டோரில் அடுக்கிவைத்தார்கள்.

கொஞ்ச நாளில் ஊர் அதற்கும் பழகிவிட்டது, எதற்குத்தான் பழகாது. தூக்கம் வராத கிழவர்கள் ஸ்டோருக்கு வந்து மெல்லிசாக ஒன்றைக் கேட்டு வாங்கித் தலைக்கு வைத்துக்கொண்டு, காலையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடங்காத ஆட்டுக்கடாவின் முதுகில் ஒரு துண்டு போட்டால் அது பாட்டுக்கு நின்று மேய்ந்தது. வார்த்தை முற்றிய சண்டையில் ஒரு வாத்தியார் களைப்பைக் கொண்டுவந்து நடுவில் உதறினால் இரண்டு பக்கமும் சரி, விடு என்று வீட்டுக்குப் போனது. கோயில் கொடைத் திருவிழாவில் அடிதடி வராமலிருக்க, கமிட்டிக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

புஷ்பம் ஒருநாள் தன்னுடையதையும் விட்டுப்பார்த்தாள். அடுத்த விருந்தாளி வருவதற்கு முன்னால், புதிதாக விரித்த கட்டிலில் ஒரு ஓரமாகப் படுத்து, கண்ணை மூடி, எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். லைன் வீட்டு வாசல்வரை வந்து தோளைத் தொட்டுப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது. விட்டுப் போக வேண்டுமானால் போக வேண்டுமே. அவளுக்குப் போக எங்கே இடம் இருக்கிறது? காலையில் மறுபடி அதே அறைக்குத்தான் வரப்போகிறாள் என்று அந்தக் களைப்புக்கும் தெரிந்திருந்தது.

கோடை முடிகிற சமயத்தில் திருச்சியிலிருந்து சுகந்தி என்று ஒரு அம்மா தனியாக வந்தாள். ஐம்பது வயது இருக்கும். யாரோடும் பேசவில்லை, குரங்கு பார்க்கவும் போகவில்லை, வராந்தாவில் உட்கார்ந்து எதிரிலிருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்து, போய்விட்டாள். அவள் போன பிறகு புஷ்பம் அறைக்குள் நுழைந்தால் கட்டிலின் நடுப்பலகை வளைந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய களைப்பை அதுவரைக்கும் அவள் கண்டதில்லை. நகர்த்தக்கூட முடியவில்லை. வாசலில் ஜீப் துடைத்துக்கொண்டிருந்த சாலமோனைக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டாள் என்பதைத்தான் அப்புறம் நினைத்து நினைத்து மருகினாள்.

"இதுக்கா இந்தக் கூப்பாடு" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், தேயிலை மூட்டையைத் தூக்குகிற மாதிரி ஒரு உந்து உந்தித் தோளில் ஏற்றினான். வாசற்படி வரை நடந்தான். அங்கே கொஞ்சம் நின்றான். தோளில் இருந்தது மெதுவாக, துணியில் தண்ணீர் இறங்குவதுபோல, அவனுக்குள் இறங்கிக் காணாமல் போனது. "புஷ்பம், நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொன்னான். போய்க் கட்டிலில் படுத்தவன்தான், எழுந்திருக்கவில்லை.

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நாடி பார்த்து, ரத்தம் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவான், கேட்டால் பதில் சொல்லமாட்டான். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, யாரோ உள்ளே மணி அடித்ததுபோலப் பதறி உட்கார்ந்து, பக்கத்தில் கிடக்கும் தலையணையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, "பாஸ்கர், மெதுவா, மெதுவாப்பா" என்று சொல்லி மறுபக்கம் திருப்பிப் போடுவான். புண் வரக்கூடாதென்று படுக்கையோடு கிடப்பவர்களைத் திருப்பிப் போடுவார்களே, அந்த மாதிரி. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்வான். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுக்காத மனுஷன், பஞ்சுத் தலையணைக்கு வாய் துடைத்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த புஷ்பத்துக்குச் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது.

யாரந்த பாஸ்கர் என்று அவளுக்குத் தெரியாது. யாருடைய களைப்பு என்று தெரியும். வித்யாசங்கரிடம் போய் நின்றாள். "அந்தம்மாவுக்கு ஒரு போன் போடுங்க சார். அவங்க பொருளை அவங்க எடுத்துக்கிட்டா எம்புருசன் எந்திரிச்சிருவாரு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, எனக்குப் புரியாம இல்ல. ஆனா களைப்பைத் திருப்பிக் கொடுக்கிற லாட்ஜுக்கு எவன் வருவான்? முதலாளி மூடிட்டுப் போயிடுவாரு. அப்புறம் உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல." அதற்குமேல் அவனைக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை, அவன் மேஜைக்கு அடியில் அவனுடையதே ஒன்று சுருண்டு கிடந்ததை அவள் பார்த்திருந்தாள்.

தென்மேற்கு மழை பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. ஜீப்புக்கு வேறு டிரைவர் வந்தான். புஷ்பம் விடிந்ததும் கஞ்சி வைத்து, சாலமோனுக்கு ஊட்டி, தலையணையைத் தோதாக வைத்து, விடுதிக்கு ஓடி, ஊரார் களைப்பை எல்லாம் சுமந்து ஸ்டோரில் போட்டு, மத்தியானம் வீட்டுக்கு ஓடி, அவனைத் துடைத்து, துணி மாற்றி, மறுபடி விடுதிக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு எலிசா கொஞ்சம் பார்த்துக்கொண்டாள், அவளுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கின்றன. நடக்கும்போதே தூங்குவதற்குப் புஷ்பம் கற்றுக்கொண்டாள். ஒருநாள் இல்லை ஒருநாள் அந்தம்மா திரும்பி வரமாட்டாளா, ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வருகிற இடம்தானே இது என்று அந்த ஒரு நினைப்பில்தான் காலம் ஓடியது. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் முடிவு செய்துவைத்திருந்தாள். 'லைன் வீட்டில் ஒரு தேநீர்' என்று விருந்தாளிகளைக் கூட்டிப்போய் ஏழை வீட்டைக் காட்டுகிற ஒரு ஏற்பாடு விடுதியில் உண்டு. அந்தம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து, டீ போடுகிற சாக்கில் சாலமோன் கட்டிலில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட வேண்டும். விட்டவளோடு அது போய் ஒட்டிக்கொள்ளட்டும். பாவம் என்றால் பாவம்தான், இருக்கட்டும்.

தீபாவளி கழிந்து சுகந்தி வந்தாள். காரிலிருந்து அவள் இறங்கியதைப் புஷ்பம் வராந்தாவிலிருந்து பார்த்தாள். பத்து வயது குறைந்திருந்தாள். நடந்தால் காலடியில் சருகு நொறுங்கவில்லை. பேக்கைத் தானே தூக்கிக்கொண்டு, குட்டப்பனைப் பார்த்துச் சிரித்து, சுடுதண்ணீர் வராததற்குக்கூடச் சிரித்தாள். ஒருத்தி இவ்வளவு லேசாக இருக்க முடியுமா என்று புஷ்பத்துக்குப் பொறாமையாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இவளைக் கூட்டிப்போய் அந்தக் கட்டிலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவதா? அன்று முழுக்கத் தேநீர் என்ற வார்த்தை அவள் நாக்குவரை வந்து வந்து திரும்பியது. மத்தியானம் வீட்டுக்குப் போனபோது சாலமோனின் முகத்தைப் பார்க்கக் கூசியது. "என்னால முடியலைங்க" என்று அவனிடம் சொன்னாள். அவன் தலையணைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவள் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது சுகந்தி தானே வந்து எதிரில் நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, போன தடவை வந்தப்போ இந்த ரூம்ல ஒண்ணு விட்டுட்டுப் போயிட்டேன்."

"சார்ஜர்னா ஆபீஸ் ரூம்ல டப்பா இருக்கும்மா. பாத்து எடுத்துக்கலாம்."

"சார்ஜர் இல்லக்கா." கட்டிலில் உட்கார்ந்தாள். மெத்தை அமுங்கவே இல்லை. "எனக்கு ஒரு தம்பி இருந்தான், பாஸ்கர்னு. பைக்ல விழுந்து கழுத்துக்குக் கீழ உணர்ச்சி போயிடுச்சு. அம்மா அப்பா போனப்புறம் நான்தான் பார்த்துக்கிட்டேன். கல்யாணம் அது இதெல்லாம் ஒண்ணும் நினைக்கல. அவனும் போனான். பதினாறாம் நாள் காரியம் முடிச்சுட்டு நேரா இங்க வந்தேன். இங்கேருந்து போனதுலேர்ந்து நல்லா தூங்கறேன்க்கா, நல்லா சாப்பிடறேன். ஆபீஸ்ல எல்லாரும் ஆளே மாறிட்டீங்கன்றாங்க. ஆனா அவன் போட்டோவப் பார்த்தா பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருக்கு. எந்தத் தோள்ல புண்ணு இருந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன், தெரியல. வருஷக்கணக்கா அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டவ நான். சரி, உக்காந்து அழுவோம்னா அழுகையும் வரல. என்கிட்ட அவன் இருந்ததே அந்த அசதியிலதான்க்கா. புரியாம கழட்டி வச்சுட்டுப் போயிட்டேன். இருக்கா? இல்ல, தூக்கிப் போட்டுட்டீங்களா?"

புஷ்பம் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை மாதமாகத் தவம் கிடந்தாள். உங்களை ஏமாற்றிக் கூட்டிப்போக நினைத்தேன் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது, சொல்லவில்லை. "இருக்குது. எங்க வீட்டுல இருக்குது" என்றாள். "ஆனா ரொம்பக் கனம்மா. எங்க வீட்டுக்காரரு மலை மாதிரி மனுசன், அவரையே சாச்சிருச்சு."

"தெரியும்க்கா" என்றாள் சுகந்தி. "நான் தூக்கினதுதானே."

தூறலில் இரண்டு பேரும் தேயிலைக்கு நடுவே இறங்கிப் போனார்கள். லைன் வீட்டுக் கதவைத் திறந்தபோது சாலமோன் பதறி எழுந்து உட்கார்ந்து தலையணையைத் திருப்பப் போய்க்கொண்டிருந்தான். வாசலில் நின்ற சுகந்தி அவன் கைகளையே பார்த்தாள். அவை பிடித்த இடத்தை, விரல்களை விரித்த விதத்தை, திருப்புவதற்கு முன்னால் ஒரு நொடி காத்திருந்ததை. அப்புறம் அவளறியாமல் உள்ளே எட்டு வைத்தாள்.

"அங்க புடிக்காதீங்கண்ணா. வலது தோள். வலது தோள்லதான் புண்ணு இருக்கு."

சாலமோன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இத்தனை மாதத்தில் அவன் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. காலை ஒடுக்கி அவளுக்குக் கட்டிலில் இடம் விட்டான். "பாத்து வாங்கிக்க தாயி. இப்பத்தான் கண்ணசந்தான்" என்று சொல்லி, தூங்குகிற பிள்ளையைக் கைமாற்றுவதுபோலத் தலையணையை அவள் கையில் கொடுத்தான்.

அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கட்டில் கிறீச்சிட்டு இறங்கியது. முதலில் அவள் தோள் தாழ்ந்தது, அப்புறம் முதுகு, அது பழைய வளைவுக்கு வந்து நின்றபோது, கண்ணுக்கு அடியில் கருவளையம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தபோது, அவளுக்கு அழுகை வந்தது. பெரிய அழுகை. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "அழட்டும், விடுங்க. அவங்க பொருளு கிடைச்சிருச்சு" என்று எலிசா எல்லோரையும் நகர்த்திக்கொண்டு போனாள்.

சுகந்தி அன்றைக்கே கிளம்பினாள். சருகெல்லாம் நொறுங்க மெதுவாக, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி மேடேறி, தலையணையோடு காரில் உட்கார்ந்தாள். கார்க்கண்ணாடியை இறக்கிப் புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்ததைவிடக் களைத்துப்போய் ஒரு விருந்தாளி திரும்புவதைப் பார்த்து வித்யாசங்கர் தலையில் கை வைத்துக்கொண்டான். வீட்டிலிருந்த ஒரே நல்ல தலையணை அது. புஷ்பம் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாலமோன் எழுந்து நின்றிருந்தான். மாதக்கணக்கில் படுத்த மனுஷன் மாதிரியே இல்லை; முகம் தெளிந்து, கண் பளபளத்து, கூரை ஒழுகுவதைப் பார்த்து, "இதை யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டான். தாடியைத் தடவிச் சிரித்தான். ஜீப் சாவி எங்கே என்றான், எவனோ புதுசா ஓட்டுறானாமே என்றான், பசிக்குது புஷ்பம் என்றான். அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும்போல இருந்தது. அதற்கும் தெம்பு இல்லை. அவன் எழுந்துவிட்டால் தன்னுடையதும் அவனோடு எழுந்து போய்விடும் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள், அது போகவில்லை. கட்டிலில் அவன் படுத்திருந்த குழியில், சூடு ஆறாத இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தோளிலிருந்து பாதம்வரைக்கும் எல்லாம் ஒன்றாக இறங்கியது, எஸ்டேட் கூடையும் விடுதி வாளியும் இந்த மழைக்காலமும். கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

சாலமோன் பேச்சை நிறுத்தினான். அவளை, அவள் தோள்மேல் கிடந்ததை, இவ்வளவு வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தான்போல. "ஏ புள்ள, என்ன இது இம்மாம் பெருசு" என்று அருகே வந்து, எதையும் தூக்கியே பழகிய மனுஷன், அதையும் தூக்கக் குனிந்தான்.

"தொடாதீங்க" என்றாள் புஷ்பம். "அது என்னோடது, நான் பாத்துக்கிறேன். நீங்க போயி உலையை வைங்க."

அவன் குனிந்த முதுகை நிமிர்த்தினான். அப்புறம் அடுப்படிக்குப் போனான். பாத்திரங்கள் உருண்டன, ஏதோ ஒரு டப்பா கீழே விழுந்தது, இன்னொன்று திறந்தது.

"அரிசி எங்க இருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

புஷ்பம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "தேடுங்க" என்றாள்.